உம்மாவின் மௌத்துக்கு வாங்கிய வண்டி

என் புருஷன் மீராசாஹிபுவைத் தெரியுமா என்று மருதமுனையில் யாரிடம் கேட்டாலும், "ஓ, அந்தப் பெரிய வண்டிக்காரரா?" என்றுதான் கேட்பார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மனிசனுக்குக் கெப்பர் என்பார்கள், சவூதிக்குப் போகாமலே சவூதிக்காரன் மாதிரி ஆடுகிறான் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வண்டியில் அவர் ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து ஏறியது எனக்குத்தான் தெரியும். கெப்பருக்கு வண்டி வாங்கியவன் அப்படியா ஏறுவான்?

அவர் ஆள் சிறியவர், ஒல்லி. தொழில் ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற சாறன் வியாபாரம். எங்கள் ஊர்த் தறிகளில் நெய்கிற சாறன்களை மூட்டையாகக் கட்டி, ஐம்பது சீசீ மோட்டார் சைக்கிள் வண்டி ஒன்றின் பின்னால் ஏற்றிக்கொண்டு, கல்முனையில் தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் கடை கடையாகப் போடுவார். அந்தச் சின்ன வண்டி அவருக்குக் காலில் போட்ட செருப்பு மாதிரி. கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை. சரியப் போனால் காலை ஊன்றினால் நிற்கும். மணல் ஒழுங்கையில் புதைந்தால் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறிப் போவார். வேறு வண்டி வேண்டும் என்று அவர் வாயால் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

என் வாப்பா மௌத்தான அன்றுதான் எல்லாம் கெட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் உம்மாவும் வாப்பாவும் என்னோடு இருந்தார்கள். என் ஒரே தம்பி அப்துல் ஸமட் பொத்துவிலில், அவன் பெண்சாதி ஸைனம்புவின் வீட்டில் இருந்தான். வாப்பா விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கப் போனவர், கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். எங்களில் மௌத்தானவரின் மையத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டு இருப்பதில்லை. பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் முடிவானது. தம்பியைக் கூட்டிவர இவர் சின்ன வண்டியில் புறப்பட்டார்.

அது தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். போகும்போது எதிர்காற்று. வரும்போது பின்னால் தம்பி. அவன் வயல் செய்கிற வாட்டசாட்டமான ஆள். அவனையும் சுமந்துகொண்டு அந்த வண்டி முனகி முனகி வந்திருக்கிறது. இங்கே மையத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு வைத்துவிட்டு நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். லுஹரும் ஆனது. வெயிலில் சனம் நிற்கிறது, எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்? மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் நேரே மையவாடிக்கு வந்து சேர்ந்தபோது, கபுறுக் குழியை மூடி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்களாம்.

தம்பி அழவில்லையாம். திரும்பி இவரைப் பார்த்து, "உங்கட வண்டியில வந்தத்துக்கு நான் நடந்தே வந்திரிக்கலாம்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறான். உம்மாவைக்கூட வந்து பார்க்காமல் அப்படியே பஸ் ஏறிவிட்டான். போனவன் போனவன்தான். பெருநாளுக்கும் வரவில்லை. சூறாவளி அடித்து எங்கள் கூரை பறந்தபோது ஆள் அனுப்பி விசாரித்தானே தவிர, தான் வரவில்லை. வாப்பாவின் முகத்தைக் காட்டாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று கேட்டானாம்.

எனக்குத் தம்பி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காற்றுக்கு எதிரே போனவரை இப்படியா பேசுவது? இவரோ, "அவன் சென்னதுல என்ன பிழை?" என்று மட்டும் கேட்டார். தம்பியின் அந்தச் சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சோற்றில் கை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்குள் உம்மாவுக்கு முட்டு வருத்தம் கூடிவிட்டது. சூறாவளியில் நனைந்ததில் வந்த வினை. மழை இருட்டினால் போதும், மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் இழுப்பு அடங்கிய பிறகு இவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"சுபைறா, உம்மாக்கு ஒண்டு நடந்தா இந்த வண்டிய நம்பேலா."

"அல்லாஹ்வே, என்ன கதை கதைக்கீங்க?"

"நடக்கிறதத்தானே கதைக்கன். வாப்பாட முகத்தக் காட்டல்ல. உம்மாட முகத்தயும் காட்டாட்டி அவன் என்ன மறுமையிலயும் உடமாட்டான்."

அடுத்த கிழமையே கல்முனையில் கராஜ் வைத்திருந்த தங்கத்துரையிடம் சின்ன வண்டியைக் கொடுத்துவிட்டு, நான் அறுவான் என்று ஏசுகிற அந்தப் பெரிய வண்டியை மாற்றிக்கொண்டு வந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். அறுநூற்றைம்பது சீசீ. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. நீளச் சீற், அகலக் கைபிடி, பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, வயிறு பெருத்த பெற்றோல் டாங்கி. ஒழுங்கைக்குள் வந்தபோது கிடுகு வேலி அதிர்ந்தது. எங்கள் வேலி வாசல் கடப்படியில் நிறுத்தி, சின்ன வண்டிக்கு ஊன்றுகிற அதே பழக்கத்தில் இடது காலை ஊன்றினார். மணலுக்குள் கால் போனது, காலோடு வண்டி போனது, வண்டிக்குக் கீழே அவர் போனார்.

நான் போட்ட கூச்சலில் அயலவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால் வெந்துவிட்டது. எழும்பி நின்றவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "உம்மா கண்டாவா?"

அன்றைக்கு முழுவதும் எனக்கும் அவருக்கும் சண்டை. "உம்மாக்கு முந்தி நீங்க மௌத்தாகப் போறீங்க. மறுகா ஆரு பொத்துவிலுக்குப் போற?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் பழகணும்" என்று காலில் மருந்து பூசிக்கொண்டே சொன்னார். பிடிவாதம் பிடித்த மனிசன்.

சுபஹு தொழுதுவிட்டுப் பெரியநீலாவணைக் கடற்கரைக்கு வண்டியைக் கொண்டு போவார். அங்கே அலை நனைத்த மணல் இறுகிக் கிடக்கும். நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவேன். போய் என்ன செய்யப் போகிறேன்? விழுந்தால் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. உதைத்து ஸ்டார்ட் பண்ணப் போனால் அந்த மிதி திருப்பி உதைக்கும். கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டால் துள்ளிக்கொண்டு போய் அணைந்துவிடும். வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை, மெதுவாகத் திருப்பும்போதுதான் பாரம் முழுக்க ஒரு பக்கம் சரியும். சரிந்தால் சரிந்ததுதான், அவருடைய காலுக்கு அதை நிறுத்தப் பலமில்லை. கதிர்காமன் என்று ஒரு மீன்பிடிக்காரர், தோணி இழுக்கிற ஆட்களைக் கூட்டி வந்து ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்துவார்.

"காக்கா, கீழ பாக்காதீங்க" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சொன்னார் ஒரு நாள். "நீங்க எங்க பாக்கீங்களோ அங்கதான் அது போகுது. நேத்து என்ட வலையப் பாத்தீங்க, வலைக்கு மேலதான் ஏத்தினீங்க."

"ஏறிருமோ எண்டு பயந்துதான் பாத்தன்" என்றார் இவர்.

"அதத்தான் நானும் செல்லுறன். பயந்த இடத்தப் பாக்காதீங்க."

சொல்வது லேசு. இவருக்கு எல்லா இடமும் பயந்த இடம். இருந்தாலும் விடாமல் பழகி, மூட்டையோடு அக்கரைப்பற்றுக்குப் போய்வருகிற அளவுக்கு ஆகிவிட்டார். ரோட்டில் எங்கே சரளைக் கிறவல், எங்கே மணல் ஏறிக் கிடக்கிறது, எங்கே காலை ஊன்றலாம் என்று கோமாரி வரைக்கும் படித்து வைத்திருந்தார். கோமாரிக்கு அப்பால் போகமாட்டார். பொத்துவில் கடைகளை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். தம்பியின் கண்ணில் படப் பயம்.

வண்டி வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. விடியும் நேரத்தில் உம்மா இருமுவார். உடனே இவர் பாயிலிருந்து எழும்பிப் போய்ப் பெற்றோல் டாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு வருவார். உம்மா கொஞ்சம் கூடுதலாக இருமினால் டயரை அமத்திப் பார்ப்பார். இழுப்பு வந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார். நான் உம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே, இன்றைக்குத்தானோ, இன்றைக்குத்தானோ என்று இவரைப் பார்ப்பேன். இவர் என்னைப் பார்ப்பார். அடங்கியதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார்.

உம்மா மருமகனோடு நேரே கதைக்கிறதில்லை. எங்களில் மாமிமார் அப்படித்தான், ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மகள் மூலமாகத்தான் சொல்வார்கள். ஒரு நாள் காலையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, இவர் வாசலில் நிற்பது தெரிந்தே உம்மா என்னிடம் கேட்டார்.

"மகள், மருமகன்ட்டக் கேளு. நான் இருமினா அவர் ஏன் பெற்றோல் பாக்கார்?"

நான் ஊற்றிய தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே போனது.

"சும்மாதான் உம்மா" என்றேன்.

"சும்மா இல்ல. எனக்குத் தெரியாதா? ஊரே செல்லுது. என்ட மௌத்துக்கு வண்டி வாங்கி வெச்சிரிக்கீங்க. நான் மூச்ச உட்டதும் பறந்து போய் என்ட மகனக் கூட்டி வருவீங்க. அவன் வந்து என்ட முகத்தப் பாப்பான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் அவன்ட முகத்த எப்ப பாக்கிற?"

அந்த நாள்வரைக்கும் அது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. மையத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தோம், உயிரோடு இருக்கிறவளை மறந்தே போனோம்.

"பொத்துவிலுக்கு என்னக் கொண்டு போகச் செல்லு" என்றார் உம்மா.

பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது. ஒரு தடவை ஏற்றிப் பார்த்து, சன நெருக்கத்தில் இழுப்பு வந்து நிந்தவூரிலேயே இறக்கிக்கொண்டு வந்தோம். அதோடு, மகன் கூப்பிடாமல் மருமகளின் வீட்டு வாசலில் போய் நிற்கிற வழக்கம் எங்கள் உம்மாமாருக்கு இல்லை. அதை நான் சொன்னேன். "வெக்கப்பட்டுக்கிட்டு இரிக்க எனக்கு நேரமில்ல மகள்" என்றுவிட்டார்.

இவர் என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூட்டிப் போனார்.

"நான் தனிய உழுந்தா எழும்புவன். உம்மாவோட உழுந்தா? ஸமட் என்ன செல்லுவான்? வாப்பாட முகத்தத்தான் காட்டல்ல, உம்மாவ மையத்தாவே கொண்டு வந்திட்டான் எண்டு செல்லுவானே, சுபைறா."

"அப்ப ஏலாதெண்டு உம்மாட்டச் செல்லுங்க."

அவர் உம்மாவிடம் போகாமல் வண்டியிடம் போய் டயரை அமத்திப் பார்த்தார்.

வானம் வெளித்த ஒரு நாளில் புறப்பட்டோம். சின்ன வண்டியில் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இதன் சீற்றில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். முன்னால் இவர், நடுவில் உம்மா, உம்மாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான். நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்க வேண்டும். மருமகனின் நிழலுக்கே ஒதுங்குகிற உம்மா, இடுப்பில் உடுத்த கம்பாயத்தைச் சரிசெய்துகொண்டு ஏறி இருந்தார். விழாமல் இருக்க, புதுச் சாறன் ஒன்றை எடுத்து உம்மாவையும் இவரையும் சேர்த்து இடுப்பில் கட்டினேன். வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தவர்களை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது.

கல்முனைக் கடைத்தெருவைத் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. காரைதீவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தபோது இவர் பிரேக்கை அமத்த, பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. நான் உம்மாவை இறுக்கிக் கட்டிப் பிடித்தேன். இவருடைய சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் உம்மா முதல்முதலாக அவரோடு நேரே கதைத்தார்.

"மருமகன், எனக்குப் பயமில்ல. நீங்க பயப்பிடாதீங்க."

"ஓம் மாமி" என்றார் இவர். அதற்குப் பிறகு வண்டி கொஞ்சம் நேரே போனது போல எனக்குத் தோன்றியது.

அக்கரைப்பற்றில் நிறுத்தி உம்மாவுக்குச் சுடுதண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். திருக்கோவிலைத் தாண்டி வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் பற்றைக் காடு வந்தது. கோமாரிக்குக் கிட்டப் போகும்போது உம்மாவின் தலை இவருடைய முதுகில் சாய்ந்தது. "உம்மா" என்றேன். பதில் இல்லை. தோளை உலுக்கினேன். கை தொங்கியது. யா அல்லாஹ், இந்தக் காட்டு ரோட்டில், இந்த வண்டிக்கு மேலேயா?

"நிப்பாட்டுங்க! உம்மா கதைக்கிறா இல்ல! நிப்பாட்டுங்க!"

"மணல்! இங்க நிப்பாட்டேலா!" இவர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். குரல் அழுகிற குரல். ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது, நிறுத்தினால் மூன்று பேரும் கீழே. இறுகின தரை வரும்வரை அவர் ஓட்டிய அந்தக் கொஞ்சத் தூரம் எனக்கு முடியவே இல்லை. உயிர் பிரிகிற நேரத்துக் கலிமாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், வாயில் "நிப்பாட்டுங்க"தான் வருகிறது. கடைசியில் ஒரு மதகடியில் நிறுத்தினார். உம்மாவின் முகத்தைத் திருப்பினேன்.

"ஸலவாத்து ஓதிக்கிட்டிரிக்கன்" என்றார் உம்மா, கண்ணைத் திறக்காமல். "நடுவுல நடுவுல கூப்பிடாதகா."

இவர் கைபிடிக்கு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தாரா அழுதாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் வந்தது.

பொத்துவிலில் தம்பியின் வீட்டு ஒழுங்கை முழுக்கக் குருமணல். நின்றால் புதையும் என்று இவர் முதல் கியரில் உறுமவிட்டபடியே உள்ளே கொண்டுபோனார். அந்தச் சத்தத்துக்குக் கோழிகள் சிதறி ஓடின. நாங்கள் கடப்படிக்கு வரவில்லை, அதற்குள் வளவுக்குள்ளிருந்து ஸைனம்புவின் ஒப்பாரி கேட்டது.

"யா அல்லாஹ்! மாமீ! எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே மாமீ!"

பிறகுதான் ஸைனம்பு விஷயத்தைச் சொன்னாள். சந்தைக்கு வந்த யாரோ தம்பியிடம், உன் மச்சான் உன் உம்மாவின் மௌத்துக்கென்றே பெரிய வண்டி வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ரோட்டில் எந்தப் பெரிய வண்டிச் சத்தம் கேட்டாலும் தம்பி சாப்பாட்டை விட்டு எழும்பி நிற்பானாம். எங்களுக்குத்தான் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வெறும் மேலோடு ஓடிவந்தான். அவிழ்ந்த சாறனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வண்டியின் கைபிடியைப் பற்றினான். அவனுக்கு முன்னால் நின்ற இவரைத் தவிர வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

"எப்ப மச்சான்? எப்ப? அடக்கிட்டீங்களா? செல்லுங்க மச்சான், அடக்கிட்டீங்களா?"

இவர் இரண்டு கால் நுனியையும் மணலில் ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து உம்மா முக்காட்டை விலக்கித் தலையை நீட்டினார்.

"இன்னும் அடக்கல்ல மகன்" என்றார்.

தம்பி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். மிதியில் இருந்த உம்மாவின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாப்பாவுக்கும் சேர்த்து அன்றைக்கு அழுதான். ஸைனம்பு ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கடப்படியில் நின்றாள். இவரோடு சேர்த்துக் கட்டிய சாறனை அவிழ்க்காமல் உம்மாவால் இறங்க முடியாது. நான் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். உம்மா குனிய முடிந்த அளவுக்குக் குனிந்து, அவன் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"தாடி நரைச்சிரிக்கி மகன்" என்றார். "எனக்கு ஆரும் செல்லல்லயே."

"சுபைறா" என்றார் இவர், மெல்லிய குரலில். "கால் புதையுது. ஆராவது இந்த அறுவானப் புடிங்களன்."

தம்பி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். வண்டியின் இரண்டு கைபிடியையும் பிடித்து, தன் நெஞ்சில் சாய்த்துப் பாரத்தை வாங்கிக்கொண்டான்.

"உடுங்க மச்சான். நான் புடிச்சிரிக்கன். நீங்க இறங்குங்க."

இவர் தலையை ஆட்டினார், ஆனால் விரல்கள் கைபிடியை விடவில்லை. மருதமுனையிலிருந்து இறுக்கிப் பிடித்து வந்ததில் அவை மரத்துப்போயிருந்தன. தம்பிதான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான்.